காரை லோயர் பண்ணலாமா, வேண்டாமா? பெங்களூரில் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

காரை லோயர் பண்ண, அதாவது ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரைக்குக் கிட்டே இறக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் ஸ்பிரிங் விலை விசாரிப்பதில் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுகிறார், அன்றைக்கே மாட்டியும் கொடுத்துவிடுகிறார். வீடு திரும்பும் வழியில் இரண்டாவது வேகத்தடையிலேயே அடி தட்டுகிறது.

எத்தனை மில்லி இறக்கலாம் என்பது உங்கள் பேஸ்மென்ட் ரேம்ப், உங்கள் தெரு, ஆள் நிறைந்த உங்கள் வண்டி ஆகிய மூன்றையும் பொறுத்தது. அந்த எண் கையில் இல்லாமல் கடைக்குப் போகவே கூடாது. இந்த வழிகாட்டி அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதற்கானது. பல பேருக்கு அது பூஜ்யம் என்று வரும். அதுவும் ஒரு நல்ல விடைதான், காசு மிச்சம்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான் வண்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு வீலையும் ஒரே உத்திரம் இணைப்பது) உள்ள வண்டிகள் அவை. உங்களுடையது அதுவா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டேப், ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டம், ரசமட்டம், சாக்பீஸ், கேபிள் டை, பழைய அட்டைப்பெட்டி, அகலமான டேப் ரோல், ஒரு நோட்டு. போனில் இருக்கும் லெவல் ஆப்பும் ரசமட்டத்துக்குப் பதிலாக உதவும். டயர் காற்றை கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்பிவிட்டு வாருங்கள். காற்று குறைந்திருந்தால் நீங்கள் எடுக்கும் அளவெல்லாம் தப்பாகும்.

இவற்றோடு, வழக்கமாக உங்கள் வண்டியில் ஏறும் ஆட்கள் ஒரு அரை மணி நேரம் வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

2. எதற்காக இறக்குகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

காரணங்கள் மூன்றுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி பிடிக்கவில்லை. வளைவில் வண்டி சாய்கிறது. நெடுஞ்சாலையில் வேகம் போனால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கிறது.

இதை எழுதச் சொல்வதற்குக் காரணம், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இடைவெளிதான் பிரச்சினை என்றால் அதே மாடலின் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல், டயர் அளவு பாதி குறையைத் தீர்த்துவிடும். சாய்வதும் மிதப்பதும் பல சமயம் உயரத்தால் வருவதில்லை, தேய்ந்துபோன பாகங்களால் வருகின்றன. பார்வைக்காக இறக்குவதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பார்வைக்கு என்று தெரிந்தே இறக்குகிறவர் 15 மி.மீட்டரில் திருப்தி அடைந்துவிடுவார். ஹேண்டிலிங்குக்காக, அதாவது வளைவில் வண்டி பிடிப்பாக ஓடுவதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் 40 கேட்பார்.

3. இப்போது இருக்கும் சஸ்பென்ஷன் உயிரோடு இருக்கிறதா?

ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் பெங்களூரு குழிகளில் ஓடிய வண்டியின் ஷாக் அப்சார்பர் புது வண்டியினுடையது போல இருக்காது. மெதுவாகத் தேய்வதால் ஓட்டுகிறவருக்கும் தெரியாது. அந்த நிலையில் புது ஸ்பிரிங் போட்டால் வண்டி துள்ளும். பழி ஸ்பிரிங் மேல் விழும்.

லிஃப்ட்டில் ஏற்றி நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, வீலை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு, ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டில் ஆட்டம், சாய்வை அடக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடில் சத்தம். ஏதாவது ஒன்று போயிருந்தால் கம்பெனி பாகத்தையே மாற்றி, அலைன்மென்ட் செய்து, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் படியில் எழுதிய காரணம் அதோடு தீர்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீரவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள். எப்படியும் பழுதான சஸ்பென்ஷனில் எடுத்த அளவு எதற்கும் பயன்படாது, அதனால்தான் இந்தப் படி அளவெடுப்பதற்கு முன்னால் வருகிறது.

4. காலி வண்டியை அளந்து, பிறகு ஆளை ஏற்றி அளங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். வீலின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை எத்தனை மி.மீ. என்று நான்கு வீலிலும் எடுத்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றும் அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, வண்டிக்கு அடியில் தரைக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது எது என்று பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் கார்ட், சிலவற்றில் எக்ஸாஸ்ட் குழாய், சிலவற்றில் முன் சப்ஃப்ரேம், அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம். அதன் உயரத்தையும், அது முன்வீலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இரண்டு வீலுக்கும் நடுவில் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இடம் அடுத்த படியில் முக்கியமாகும்.

இப்போது ஆட்களை ஏற்றுங்கள். பொங்கலுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகிறபோது வண்டி எப்படி இருக்குமோ அப்படி: பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பைகள், திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் தேங்காயும். அந்த எடையோடு எல்லா அளவையும் மறுபடி எடுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகமாக இறங்கியிருக்கும்.

கையேட்டில் போட்டிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸை, அதாவது வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நம்பிக் கணக்குப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 163 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 165 மி.மீ. என்றால் அது பொதுவாகக் காலி வண்டியின் கணக்கு. குடும்பத்தோடு போகிறபோது அந்த எண் உங்களிடம் இல்லை.

5. நீங்கள் ஓட்டும் பாதையை அளங்கள்

பாதையில் அளக்க வேண்டியவை இரண்டு: வேகத்தடைகள், ரேம்ப்கள்.

வேகத்தடையில் உயரத்தைவிட அகலம் முக்கியம். இந்தியச் சாலை காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி 1988லேயே சொன்ன வட்டத் திமிலின், அதாவது உருண்டையாக எழும்பும் வேகத்தடையின் அளவு, 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ், அதாவது முன்வீல் மையத்திலிருந்து பின்வீல் மையம் வரை உள்ள தூரம், 2450 மி.மீ. முன்வீலும் பின்வீலும் ஒரே நேரத்தில் அந்தத் திமில் மேலேயே நிற்கும். வளைவுக் கணக்குப்படி வண்டியின் நடுப்பகுதிக்குக் கீழே திமில் சுமார் 44 மி.மீ.தான் எழும்பியிருக்கும். 2600 மி.மீ. வீல்பேஸ் உள்ள சிட்டிக்கு அது சுமார் 50. இறக்கிய வண்டிகூட இதைச் சிரமமில்லாமல் கடக்கும்.

நம் தெருக்களில் இருப்பது அது இல்லையே. ஒரு லோடு தாரைக் கொட்டித் தட்டிவிட்ட மேடு, ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலம், 12 செ.மீ. உயரம். முன்வீல் தாண்டி இறங்கி, பின்வீல் இன்னும் ஏறாத அந்த நொடியில் மேடு முழுசாக வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. 44 இல்லை, 120 மி.மீட்டரும் வேண்டும். அதனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அகலத் திமிலைவிட, வீட்டுக்கு எதிரில் இருக்கும் குட்டி மேடுதான் எதிரி.

நீங்கள் தினமும் போகும் வழியில் மோசமான இரண்டு மூன்று மேடுகளைத் தேர்ந்தெடுத்து, காலையில் வண்டி நடமாட்டம் வருவதற்கு முன் அளந்துவிடுங்கள். மரச்சட்டத்தை மேட்டின் உச்சியில் படுக்கை மட்டமாகப் பிடித்து, அதன் முனையிலிருந்து ரோடு வரை எத்தனை செ.மீ. என்று பார்த்தால் உயரம் வந்துவிடும். குறுக்காக ஏற்றிக் கடக்கலாமே என்பீர்கள். காலியான லேஅவுட் தெருவில் முடியும். இரண்டு பக்கமும் பைக் நுழையும் எஜிபுரா சிக்னல் பக்கம் முடியாது. தினமும் செய்ய முடியாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரேம்ப்பில் ஆபத்தான இடம் உச்சி. சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் முனை அது. அதே மரச்சட்டத்தை ரேம்ப் மேல் மட்டமாகப் பிடித்து, ஒரு மீட்டர் தூரத்துக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். 12.5 செ.மீ. இறங்கினால் 8க்கு 1 சரிவு. வீல்பேஸை எடுத்து, மீட்டருக்கு இறங்கும் அளவால் பெருக்கி, நான்கால் வகுங்கள். ஸ்விஃப்ட்டுக்கு 2450 × 0.125 ÷ 4, அதாவது சுமார் 77 மி.மீ. அந்த முனை வண்டியின் நடுவயிற்றுக்குள் அவ்வளவு ஏறும். 10க்கு 1 சரிவு என்றால் சுமார் 61. 6க்கு 1 என்றால் 100ஐத் தாண்டிவிடும். பெல்லந்தூர், சர்ஜாபுரா ரோடு பக்கத்துப் பழைய அபார்ட்மென்ட்களில் உச்சியை உருட்டாமல் கூராகவே விட்ட ரேம்ப்களைப் பார்க்கலாம். அங்கே குடியிருப்பவர்கள் இந்த ஒரு கணக்கை முதலில் போடுங்கள்.

ரேம்ப்பின் அடியில் உதைபடுவது முன் பம்பரின் உதடு. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து உதடு வரை எத்தனை மி.மீ. முன்னால் நீண்டிருக்கிறதோ, அதை அதே சரிவு அளவால் பெருக்கினால் போதும். 800 மி.மீ. நீண்ட மூக்குக்கு 8க்கு 1 சரிவில் உதடு 100 மி.மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும்.

மழையையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். வண்டியை இறக்கினால் எஞ்சின் காற்றை இழுக்கும் வாயும் அவ்வளவு இறங்குகிறது. பனத்தூர் ரயில்வே அடிப்பாலம் மாதிரி தண்ணீர் தேங்கும் இடம் உங்கள் தினசரி வழியில் இருந்தால் அது ஒரு பெரிய எதிர்ப்புள்ளி.

6. கையில் எத்தனை மில்லி மிச்சம்?

ஆள் ஏறியபின் உள்ள கிளியரன்ஸிலிருந்து, பாதை கேட்கும் அதிகபட்ச அளவைக் கழியுங்கள். அதிலிருந்து, வண்டி ஓடும்போது ஸ்பிரிங் அமுங்குவதற்காக இன்னும் 25 மி.மீ. கழியுங்கள். இந்த 25 நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. மெதுவாகக் கடந்தாலும் முன்வீல் மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி குனிகிறது, அதற்கு இடம் வேண்டும்.

உதாரணத்துக்கு, 163 மி.மீ. உள்ள ஒரு வண்டி. முழு லோடில் நடுப்பகுதி 30 இறங்குகிறது, மிச்சம் 133. தெருவில் 110 மி.மீ. உயரமுள்ள குறுகிய மேடு. கையில் 23. ஓட்டத்துக்கு 25 வேண்டும். கம்பெனி உயரத்திலேயே இந்த வண்டி ஏற்கெனவே கடனில் ஓடுகிறது. ஒரு மில்லிகூட இறக்க இடமில்லை.

அதே வண்டி, ஆனால் எப்போதும் இரண்டு பேர்தான். லோடில் 12 இறங்குகிறது. வழியில் குறுகிய மேடு எதுவும் இல்லை, 8க்கு 1 ரேம்ப் மட்டும் கேட்கிறது 77. 151லிருந்து 77, 25 இரண்டையும் கழித்தால் 49. இவர் 25 மி.மீ. இறக்கினாலும் நிம்மதியாக ஓட்டலாம்.

இரண்டு கணக்கிலும் மாடல் ஒன்றுதான். அதனால்தான், "என் பிரெண்டோட வண்டியில 30 மில்லி இறக்கி நல்லாத்தான் ஓடுது" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

7. அட்டை கட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள்

கணக்கில் இடம் இருப்பதாக வந்தாலும் காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நீங்கள் இறக்க நினைக்கும் அளவு 25 மி.மீ. என்றால், அட்டைப்பெட்டித் துண்டுகளை அடுக்கி ஒட்டி 25 மி.மீ. தடிமனில் கட்டைகள் செய்யுங்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஜாக்கி வைக்கும் விளிம்பின் நடுவில் ஒன்று, முன் சப்ஃப்ரேமின் அடியில் ஒன்று, பம்பர் உதட்டுக்கு அடியில் ஒன்று என்று கேபிள் டையும் டேப்பும் போட்டுக் கட்டுங்கள். சுழலும் எதற்கும் பக்கத்தில் கட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் கட்டவே கூடாது, அந்தச் சூட்டில் அட்டை பற்றிக்கொள்ளும். மழை இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல ஓட்டுங்கள். ஆபீஸ், காய்கறி, கோயில், பள்ளி. தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, அட்டையில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள்.

கக்கதாசபுராவில் இருக்கும் ஒரு தம்பிக்கு இதைச் செய்யச் சொன்னேன். அவன் பயந்தது பேஸ்மென்ட் ரேம்ப்புக்கு. வெள்ளிக்கிழமை வரை அட்டை சுத்தமாக இருந்தது. "அண்ணா, ஓகேதான், ஆர்டர் போட்டுடவா?" என்று கேட்டான். ஞாயிறும் தாண்டட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்தான். பக்கவாட்டு அட்டை இரண்டும் பாதிக்கு மேல் சிராய்ந்து, கீழ் அடுக்கு பிய்ந்து தொங்கியது. இடிபட்டது ரேம்ப்பில் இல்லை, சொந்தத் தெரு முனையில் தினமும் கவனிக்காமல் கடந்த மேட்டில். அவன் இறக்கவில்லை. ஷாக்கை மட்டும் மாற்றினான்.

அட்டை காட்டாதது ஒன்று உண்டு. லோயரிங் ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் நிஜத்தில் வண்டி இதைவிடச் சற்றுக் குறைவாகக் குனியும். அந்தச் சின்னச் சலுகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அட்டை லேசாகச் சிராய்ந்தாலே அந்த அளவு அதிகம் என்று வைத்துக்கொண்டு, ஒரு அடுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

8. உள்ளே இருக்கும் தூரத்தையும் பாருங்கள்

தரைக்கும் வண்டிக்கும் நடுவில் இடம் இருந்தால் மட்டும் போதாது. ஷாக்கின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் அல்லது நுரைக் கட்டை இருக்கும். வீல் மேலே வரும்போது ஷாக் அதில் முட்டும் வரை உள்ள தூரம்தான் சஸ்பென்ஷனின் ஆயுதம். 35 மி.மீ. இறக்கினால் அந்தத் தூரத்திலிருந்து 35 போய்விடுகிறது. ஆள் ஏறினால் இன்னும் குறைகிறது.

மிச்சம் கொஞ்சமே இருந்தால் வண்டி பாதி நேரம் பம்ப் ஸ்டாப் மேலேயே ஓடும். நேர் ரோட்டில் அது வெறும் இடி. வளைவில் விஷயம் வேறு. வெளிப்பக்க வீல் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்த அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு சட்டென்று ஏறி, டயரின் பிடி எதிர்பாராமல் குறைகிறது. ஹேண்டிலிங்குக்காக இறக்கிய வண்டி தொப்பூர் இறக்கத்தில் பயமுறுத்துவது இதனால்தான்.

அளக்கும் வழி எளிது. ஷாக் தண்டின் தூசி உறையை மெக்கானிக்கை விட்டு மேலே தூக்கி, தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை ஷாக் உடம்போடு ஒட்டி மாட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் முழு லோடில் ஓட்டிவிட்டு, டை எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி உயரத்திலேயே அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால், சின்ன ஷாக்கோடு வரும் முழு செட் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை மாற்றுவது வேண்டாம்.

9. லோயர் ஆர்மின் சாய்வு

முன்பக்கம் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஆர்மின் வெளிமுனை, அதாவது பால் ஜாயின்ட் பக்கம், உள்முனையைவிடக் கீழே இருந்தால் இறக்க இன்னும் இடம் உண்டு. ஏற்கெனவே ஆர்ம் படுக்கையாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெக்ஃபெர்சன் அமைப்பில் அந்தக் கோட்டைத் தாண்டி இறக்கினால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், உடம்பு இறங்குவதைவிட வேகமாக இறங்கும். எடைமையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடிவிடும். சாயாமல் இருக்க இறக்கினோம், வண்டி சாய இன்னும் அதிகமாக முயல்கிறது. கெட்டி ஸ்பிரிங் அதை அடக்குகிறது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால் குழியில் விழும்போது ஸ்டியரிங் தானாக இழுக்க ஆரம்பிக்கும்.

முன்வீலின் மேல்முனை உள்பக்கம் சாயும் (கேம்பர்), வீல் பார்க்கும் திசையும் மாறும் (டோ). பல வண்டிகளில் டோவை மட்டும்தான் அலைன்மென்ட்டில் திருத்த முடியும். பின் டார்ஷன் பீமில் சாதாரண வழியில் எதையும் திருத்த முடியாது.

10. சட்டமும் இன்சூரன்ஸும், வாங்குவதற்கு முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

"யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று கடையில் சொல்வார்கள். பிடிபடுவதைவிட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வண்டிக்கு அடியில் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மைத் தகராறாக்கும், மூன்றாம் நபருக்கு அடிபட்ட வழக்கில் தலைவலி இன்னும் பெரிது. அதனால் ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் என்ன மாற்றம், எந்தப் பாகம் என்று சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் "பரவாயில்லை சார்" என்றது செல்லாது. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிடமும் இதையே கேளுங்கள். கூடாது என்று பதில் வந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

11. இறக்குவது என்று முடிவானால் எந்த வழி

ஸ்பிரிங்கை வெட்டுவது, சூடு காட்டி அமுக்குவது இரண்டையும் யோசிக்கவே வேண்டாம். சூடு காட்டினால் எஃகின் பதம் கெடுகிறது, எப்போது தளரும், எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. வெட்டினால் நீளம் குறைகிறது. வீல் குழியில் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும், திரும்பி வரும்போது கோணலாக உட்காரும். டக் டக் சத்தம் அதுதான். இதைச் செய்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி நிறுவனங்கள் உங்கள் மாடலுக்கென்றே செய்யும் லோயரிங் ஸ்பிரிங் அடுத்தது. ஆறாம் படியில் வந்த எண்ணைவிடக் குறைவாக இறக்கும் ஸ்பிரிங் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பாக்ஸில் உள்ள பாக எண் உங்கள் எஞ்சினுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள், டீசல் வண்டியின் மூக்கு கனம், பெட்ரோல் ஸ்பிரிங் அதில் இன்னும் இறங்கிவிடும். கம்பெனி ஷாக் கெட்டி ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்தும் அளவுக்குச் செய்யப்பட்டதல்ல, சீக்கிரம் களைத்துவிடும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பொருத்தமான ஷாக்கோடு வரும் செட்தான் என் பரிந்துரை. காயிலோவர், அதாவது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட் என்றால், ஸ்பிரிங்கை அமுக்காமல் உயரத்தைத் தனியாக மாற்றும் வகையாகப் பாருங்கள். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி மட்டுமே உயரம் மாறும் வகையில், இறக்க இறக்க ஷாக்கின் பயணம் குறைந்துகொண்டே போகும்.

12. மாட்டும் அன்று

ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை புதிதாக வாங்கிக்கொடுங்கள். எப்படியும் எல்லாம் கழற்றப்படுகிறது, இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது ஒன்று: லோயர் ஆர்ம், பின் பீம் புஷ்களின் போல்ட்டை வண்டி வீலில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. இந்தத் தவறு வெளியே தெரியாது என்பதால்தான் அடிக்கடி நடக்கிறது. "அண்ணே, கீழ இறக்கி டைட் பண்ணிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இறக்கியதும் நான்கு வீலிலும் மையத்திலிருந்து மட்கார்ட் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். இடமும் வலமும் 5 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ சரியாக உட்காரவில்லை. ஸ்டியரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் ஒடித்து டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள், பின்சீட்டில் ஆளோடும் பாருங்கள். ஹெட்லைட் உயரத்தை அன்றே திருத்துங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணிலோ உங்கள் பம்பருக்கு முன்னாலேயோ விழும். கண்ணாடியில் கேமரா வைத்து லேன் பார்க்கும் வண்டி என்றால் அதையும் மறுபடி சீரமைக்க வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அன்றைக்கு ஒரு அலைன்மென்ட், சுமார் 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்தபின் இன்னொன்று. இரண்டாவதை விட்டவர்களின் முன் டயர்தான் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். முன், பின், இடம், வலம் என்று எழுதி ஒட்டி வையுங்கள். விற்கும்போதும், வீடு மாறி வேறு ரேம்ப் வந்தாலும், அவை வேண்டும்.

13. விடை பூஜ்யம் என்று வந்தவர்களுக்கு

நல்ல டயர், சரியான காற்று, புது ஷாக், புது புஷ். இந்த நான்கும் ஒழுங்காக இருக்கும் கம்பெனி உயர வண்டி, அரைகுறையாக இறக்கிய வண்டியைவிட வளைவில் நம்பிக்கையாக ஓடும். ஷாக் வாங்கும்போது அதே உயரத்துக்கு, சற்றுக் கட்டுப்பாடு கூடிய வகை உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். தரை உயரம் ஒரு மில்லிகூடக் குறையாமல் மிதப்பு அடங்கும்.

வேகமாக வளைவில் ஓட்டும் ஆசைதான் மூலகாரணம் என்றால் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் ஆகிய பந்தயத் தடங்கள் இருக்கின்றன. சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் டிராக் டே அறிவிப்பைப் பார்த்துப் பதிவுசெய்து, கம்பெனி உயரத்திலேயே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வண்டி எங்கே சாய்கிறது, எங்கே பிடி விடுகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும். அடுத்து எந்தப் பாகத்தில் காசு போடலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.